அழையா விருந்தாளிக்குப் பெயர் வந்த கதை

பெயர்கள் பிறக்கும் விதம் பலப்பல. ஊரின் பெயர் துணிக்கு வருவதுண்டு; கண்டுபிடித்தவரின் பெயர் யந்திரத்துக்கு வருவதுண்டு. ஆனால் தகர டப்பாவில் அடைத்து விற்ற பன்றி மாமிசத்தின் பெயர், ஒரு ஹாஸ்ய நாடகத்தின் வழியாகப் பிரயாணம் செய்து, கடைசியில் நம் மின்னஞ்சல் பெட்டியில் வந்து குவியும் வேண்டாத கடிதங்களுக்குப் பெயராகி விட்டதே, இதைப் போன்ற விநோதம் வேறொன்று உண்டா என்பது சந்தேகந்தான்.

‘ஸ்பாம்’ என்ற அந்தச் சொல்லை இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிவார்கள். பென்ஷன் வாங்கும் பெரியவர்களும் அறிவார்கள். ஆனால் “எந்தக் கடிதம் ஸ்பாம்?” என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும். “விளம்பரம் எல்லாம் ஸ்பாம்” என்பார் ஒருவர். “மோசக்காரர்கள் எழுதுவதுதான் ஸ்பாம்” என்பார் இன்னொருவர். “எனக்குப் பிடிக்காதது எதுவோ அது ஸ்பாம்” என்று ஒரே போடாகப் போட்டு விடுவார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் பொருந்தாது. பொருந்துகிற விடை அந்தப் பெயர் வந்த கதையிலேயே இருக்கிறது. ஆகையால் கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

நூறு டாலர் பெயர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மின்னஸோட்டா என்று ஒரு ராஜ்யம். அங்கே ஆஸ்டின் என்னும் ஊரில் ஹார்மெல் கம்பெனியார் மாமிச வியாபாரம் செய்து வந்தார்கள். பன்றியின் தோள் மாமிசத்துக்கு அந்நாளில் அவ்வளவு கிராக்கி இல்லை. அதைத் தொடை மாமிசத்துடன் சேர்த்து அரைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்து, தகர டப்பாவில் அடைத்து, 1937-ம் வருஷம் ஜூலை மாதத்தில் கடைக்குக் கொண்டுவந்தார்கள். சரக்குக்கு ஒரு நல்ல பெயர் வேண்டுமே! அதற்கு ஒரு போட்டி வைத்தார்கள். கம்பெனி அதிகாரி ஒருவரின் சகோதரரும் நடிகருமான கென் டெய்னோ என்பவர் ‘ஸ்பாம்’ என்ற பெயரைச் சொல்லி 100 டாலர் பரிசைத் தட்டிக்கொண்டு போனார். ‘ஸ்பைஸ்டு ஹாம்’, அதாவது மசாலை சேர்த்த தொடைக்கறி, என்பதன் சுருக்கமே இது என்று பலர் நம்புகிறார்கள். கம்பெனியாரோ, உண்மைப் பொருள் பழைய அதிகாரிகள் சிலருக்குத்தான் தெரியும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு வருஷத்தில் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. கெட்டுப் போகாத, குளிர்ப் பெட்டி வேண்டாத, எங்கே வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய மாமிசம் என்றால் போர்க்காலத்தில் கேட்கவேண்டுமா? யுத்தம் முடிவதற்குள் அமெரிக்க ராணுவம் 15 கோடி பவுண்டுக்கு மேல் ஸ்பாம் வாங்கியது. சிப்பாய்கள் காலையிலும் அதையே தின்றார்கள்; மத்தியானமும் அதையே தின்றார்கள்; இரவிலும் அதுவே கிடைத்தது. ருஷ்யப் படைகளுக்கும் கப்பல் கப்பலாகப் போயிற்று. அது இல்லாவிட்டால் எங்கள் சேனைக்குச் சோறு போட்டிருக்க முடியாது என்று குருஷ்சேவ் பிற்காலத்தில் தமது நினைவுக் குறிப்புகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

பிரிட்டனிலும் இதே கதைதான். புதிய மாமிசம் அங்கே 1954-ம் வருஷம் வரையில் ரேஷனில் இருந்தது. டப்பா மாமிசமோ எங்கும் தென்பட்டது. ஒரு தலைமுறை முழுவதும் அதைத் தின்று, தின்று, அலுத்துப் போயிற்று. பசித்த வேளையில் காப்பாற்றிய பண்டந்தான். ஆனாலும் கேட்காமலே திரும்பத் திரும்ப இலையில் வந்து விழுந்தால் அமிருதமும் கசக்கும் அல்லவா?

சாப்பாட்டுக் கடையில் ஓர் அமர்க்களம்

இந்த அலுப்பிலிருந்து ஒரு ஹாஸ்யம் பிறந்தது. 1970-ம் வருஷம் டிஸம்பர் மாதம் 15-ந் தேதி, பி.பி.ஸி. தொலைக்காட்சியில் மாண்டி பைத்தான் என்னும் விகடக் குழுவினர் ஒரு சிறு நாடகம் நடித்தார்கள். கதை மிகச் சாதாரணம். புருஷனும் மனைவியும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வருகிறார்கள். பரிமாறுகிறவள் என்னென்ன இருக்கிறதென்று ஒப்பிக்கிறாள். முட்டையோடு ஸ்பாம் இருக்கிறது. ஸ்பாமோடு முட்டை இருக்கிறது. ஸ்பாம் இல்லாத பண்டம் அங்கே மிக அரிது. மனைவிக்கோ ஸ்பாம் பிடிக்காது. “அது இல்லாமல் ஏதாவது கொடேன்” என்று மன்றாடுகிறாள். வாக்குவாதம் வளர்கிறது.

இதற்கு நடுவே வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடையில் பழைய காலத்து வைக்கிங் கடல் வீரர்கள் சிலர் கொம்பு வைத்த தலைக் கவசத்துடன் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்பாம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும். அதையே பல்லவியாக வைத்துக்கொண்டு பாடத் தொடங்கி விடுகிறார்கள். பாட்டு உச்ச ஸ்தாயிக்கு ஏற ஏற, புருஷன் மனைவி பேச்சும் கேட்பதில்லை, பரிமாறுகிறவள் பேச்சும் கேட்பதில்லை. அவள் அதட்டினால் ஒரு நிமிஷம் அடங்குகிறார்கள்; மறு நிமிஷம் மீண்டும் ஆரம்பம். கடைசியில் காட்டுகிற நடிகர் பெயர்ப் பட்டியலில்கூட ஸ்பாம் புகுந்துவிடுகிறது.

நேயர்கள் இந்தக் காட்சியைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். அந்த வீரர்கள் யாரையும் வையவில்லை, அடிக்கவில்லை, பொய் சொல்லவுமில்லை. அவர்கள் செய்த குற்றம் ஒன்றே. யாரும் கேட்காத ஒன்றைத் திரும்பத் திரும்பக் கத்தி, இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேச முடியாமற் செய்துவிட்டார்கள்.

பெயருக்கு முன் பிறந்த பிள்ளை

பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே காரியம் ஆரம்பித்துவிட்டது. 1864-ம் வருஷத்தில், லண்டன் நகரத்துப் பல் வைத்தியர்கள் சிலர் தங்கள் வைத்தியசாலை திறந்திருக்கும் நேரத்தைப் பார்லிமெண்ட் அங்கத்தினர்களுக்குத் தந்தியில் அறிவித்தார்கள். அந்நாளில் தந்தி என்றால் சாவு, நோவு, அவசரம் என்றுதான் பொருள். இரவு வேளையில் தந்திச் சேவகன் கதவைத் தட்டினால் வீட்டில் எல்லாருக்கும் நெஞ்சு படபடக்குமே! உறையைப் பிரித்துப் பார்த்தால் பல் வைத்திய விளம்பரம். பெற்றவர்களில் ஒருவர் கொதிப்படைந்து ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதினார். அப்படியும் அந்தப் பல் வைத்தியர்கள் தந்திக் கட்டணத்தைத் தங்கள் கையிலிருந்துதான் கொடுத்தார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, இன்றைய இண்டர்நெட்டுக்கு வித்திட்ட ‘அர்ப்பாநெட்’ என்ற வலை அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவின் ஆதரவில் நடந்துகொண்டிருந்தது. 1975-ம் வருஷம் நவம்பரிலேயே ஜான் போஸ்டல் என்னும் நிபுணர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். வேண்டாத கடிதங்களை ஒருவர் அனுப்பிக்கொண்டே இருந்தால் அவற்றை மறுப்பதற்குப் பெறுகிற யந்திரத்துக்கு வழி ஒன்றும் இல்லையே என்பது அவருடைய கவலை. சொல்லி மூன்று வருஷம் ஆவதற்குள் நடந்துவிட்டது.

1978-ம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி, டிஜிடல் எக்விப்மெண்ட் கார்ப்பொரேஷன் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், தங்கள் புதிய யந்திரத்தைக் கலிபோர்னியாவில் இரண்டு இடங்களில் காட்டப்போவதாகவும், எல்லாரும் வந்து பார்க்கவேண்டும் என்றும் ஓர் அழைப்பு அனுப்பினார். ஆளுக்கு ஒன்றாக எழுதினால் நேரம் ஆகும் என்று, ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே கடிதமாக அனுப்பிவிட்டார். விலாசங்கள் அச்சிட்ட புத்தகத்திலிருந்து எடுத்துக் கையால் அடிக்கப்பட்டவை. விலாசத்துக்கென்று விட்ட இடம் போதாமல், மீதிப் பெயர்களெல்லாம் கடிதத்துக்குள்ளேயே வழிந்துவிட்டன. விஷயத்தைப் படிப்பதற்கு முன்னால் பெயர்க் காட்டைத் தாண்டவேண்டியிருந்தது!

உடனே புகார்கள் கிளம்பின. அர்ப்பாநெட் அரசாங்க காரியத்துக்கு ஏற்பட்டது, வியாபாரத்துக்கு அல்ல என்று அதை நிர்வகித்த ராணுவ அதிகாரி கண்டித்தார். ஆனால் அந்தக் கடிதத்தினால் தமது கம்பெனிக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வியாபாரம் கிடைத்தது என்று துர்க் பின்னாளில் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். பிற்காலத்தில் வந்த தொல்லை முழுவதற்கும் இந்த ஒரு செய்தியே விதை. திட்டினவர்கள் பலர், வாங்கினவர்கள் சிலர், அனுப்பினவருக்குச் செலவு ஒன்றுமில்லை.

பெயர் சூட்டு விழா

இதற்கிடையில் 1980-களில், கம்ப்யூட்டர் வழியே பலர் கூடி எழுத்தில் பேசிக்கொள்ளும் மண்டபங்களும் விளையாட்டுகளும் தோன்றின. அங்கே வந்த இளைஞர்களுக்கு மாண்டி பைத்தான் நாடகங்கள் மனப்பாடம். யாராவது ஒருவரைத் துரத்தவேண்டும் என்றாலோ, நடக்கிற பேச்சைக் கலைக்கவேண்டும் என்றாலோ, ‘ஸ்பாம், ஸ்பாம், ஸ்பாம்’ என்று ஓயாமல் அடித்துத் தள்ளுவார்கள். மற்றவர்கள் எழுதியதெல்லாம் திரைக்கு மேலே ஓடி மறைந்துவிடும். வைக்கிங் வீரர்களின் வேலையேதான்! நாளடைவில், எதை அளவுக்கு மீறிக் கொட்டினாலும் அதற்கு ‘ஸ்பாம் செய்வது’ என்று பெயர் வழங்கலாயிற்று.

1993-ம் வருஷம் மார்ச் மாதம் 31-ந் தேதி, ‘யூஸ்நெட்’ என்ற பொது விவாத வலையில் ஒரு விபத்து நேர்ந்தது. அங்கே வருகிற அநாவசியச் செய்திகளைக் களைவதற்காக ரிச்சர்ட் டெப்யூ என்பவர் ஒரு நிரலை எழுதியிருந்தார். அதில் ஏதோ பிழை. களை எடுக்கப் போன மண்வெட்டி தானே களையாக முளைத்தது. ஒரே குழுவில் சுமார் 200 செய்திகளைத் தானாகவே போட்டு நிரப்பிவிட்டது. பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே அதற்கும் ‘ஸ்பாம்’ என்றார்கள். டெப்யூ மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வருஷம் சிரிப்பு நின்றுவிட்டது. 1994 ஏப்ரல் 12-ந் தேதி, அரிஸோனாவைச் சேர்ந்த லாரன்ஸ் கான்டர், மார்த்தா ஸீகல் என்ற வக்கீல் தம்பதிகள், அமெரிக்காவில் குடியேறுவதற்கான ‘கிரீன் கார்டு’ குலுக்கலுக்குத் தாங்கள் கட்டணம் பெற்று விண்ணப்பம் செய்து தருவதாக ஒரு விளம்பரத்தை யூஸ்நெட்டின் 5,500-க்கு மேற்பட்ட குழுக்களில் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் தாமே செலவில்லாமல் செய்துகொள்ளக்கூடிய விண்ணப்பம் அது! சங்கீதம் பேசும் குழுவிலும் அதே விளம்பரம். சமையல் பேசும் குழுவிலும் அதே. கணிதம் பேசும் குழுவிலும் அதே. ஒவ்வொரு குழுவிலும் தனித் தனியாகப் போட்டதனால், பத்துக் குழுக்களைப் படிப்பவர் பத்துத் தடவையும் அதைப் பார்த்தே தீரவேண்டும். ஆத்திரமடைந்தவர்கள் அனுப்பிய கண்டனங்களின் பாரம் தாங்காமல், அவர்களுக்குத் தொடர்பு கொடுத்திருந்த நிறுவனத்தின் யந்திரங்கள் பல முறை விழுந்தன.

தம்பதிகள் வருந்தினார்களா? அதுதான் இல்லை. இண்டர்நெட்டில் பணம் சேர்ப்பது எப்படி என்று அதே வருஷத்தில் ஒரு புஸ்தகமும் எழுதி வெளியிட்டார்கள்! 1997-ல் டென்னஸி ராஜ்யம் கான்டரின் வக்கீல் சன்னதைப் பறித்தது; சொன்ன காரணங்களில் இந்த விளம்பரமும் ஒன்று. ஆனால் அவர்கள் காட்டிய வழியில் அதற்குள் ஆயிரம் பேர் புறப்பட்டுவிட்டார்கள். யூஸ்நெட்டிலிருந்து அந்தப் பழக்கம் மின்னஞ்சலுக்குத் தாவியது. பெயரும் கூடவே தாவியது. 1998-ல் ஆக்ஸ்போர்டு அகராதியின் புதிய பதிப்பில் டப்பா மாமிசத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது பொருளாக வேண்டாத கடிதமும் இடம் பெற்றது.

எது ஸ்பாம்? எது அல்ல?

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். இத்துறையில் பழுத்த அநுபவம் உள்ளவர்கள் இரண்டே பரீக்ஷைகளை வைக்கிறார்கள். கடிதம் மொத்தமாகப் பலருக்கு அனுப்பப்பட்டதா என்பது ஒன்று. பெறுகிறவர் சம்மதம் இல்லாமல் அனுப்பப்பட்டதா என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் ஸ்பாம். ஒன்று மட்டும் போதாது. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்வியே இங்கே எழவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

உதாரணம் பார்க்கலாம். முன்பின் தெரியாத ஒருவர், “உங்கள் வீட்டு மாடி வாடகைக்கு வருகிறதாமே, பார்க்கலாமா?” என்று எழுதுகிறார். நீங்கள் அவரைக் கேட்கவில்லை. ஆனாலும் அவர் உங்களுக்கு மட்டுமே எழுதினார். அது ஸ்பாம் அல்ல. ஒரு பத்திரிகை வாரந்தோறும் பல்லாயிரம் பேருக்கு ஒரே கடிதம் அனுப்புகிறது. நீங்களே பெயரைக் கொடுத்துக் கேட்டிருக்கிறீர்கள். அதுவும் அல்ல. பாங்கியிலிருந்து மாதக் கணக்கு வருகிறது. பார்த்தால் மனம் நோகலாம்; ஆனாலும் அது ஸ்பாம் ஆகாது!

மறு பக்கம் பாருங்கள். அநாதைக் குழந்தைகளுக்காக நன்கொடை கேட்டு, எங்கிருந்தோ வாங்கிய ஜாபிதாவில் உள்ள பத்து லக்ஷம் பேருக்கு ஒருவர் எழுதுகிறார். காரியம் புண்ணியமானது, சொல்வதெல்லாம் நிஜம். ஆயினும் அது ஸ்பாமே. தேர்தலுக்கு வோட்டுக் கேட்டாலும், தெய்வத்தின் பெயரைச் சொன்னாலும் இதே நியாயந்தான். நல்ல விஷயம் என்பதற்காக ஊரார் வீட்டுக் கூடத்தில் புகுந்து பிரசங்கம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

மோசடியும் ஸ்பாமும் வெவ்வேறு. பொய் வாரிசுச் சொத்தில் பங்கு தருவதாக லக்ஷம் பேருக்கு எழுதுகிறவன் இரண்டு குற்றத்தையும் ஒருங்கே செய்கிறான். உங்கள் பெயர், உத்தியோகம், மேலதிகாரியின் பெயர் எல்லாவற்றையும் விசாரித்து அறிந்து, உங்களுக்கென்றே ஒரு பொய்க் கடிதம் எழுதுகிறவன் ஸ்பாம் செய்யவில்லை; திருட்டுத்தான் செய்கிறான். அவனே அதிக ஆபத்தானவன்.

காலையில் பூங்கொத்துப் படத்தோடு ‘இன்றைய நாள் இனிய நாள்’ என்று தினந்தோறும் அனுப்பும் சிற்றப்பாவின் கதி என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அறிமுகமான இருபது பேருக்கு அன்பினால் அனுப்புகிறார், விட்டுவிடுவோம்! இலக்கணத்தில் விதி என்றிருந்தால் புறனடையும் இருக்கத்தானே வேண்டும்?

சம்மதம் என்பதிலும் ஒரு சூது உண்டு. கடையில் செருப்பு வாங்கும்போது ரசீதுக்காக விலாசம் கேட்கிறார்கள், கொடுக்கிறோம். ரசீதுக்குத்தான் கொடுத்தோம், ஆயுள் முழுவதும் செருப்பு விளம்பரம் அனுப்புவதற்குக் கொடுக்கவில்லை. சிறிய எழுத்தில் ஏதோ அச்சிட்டு, நமக்காக அவர்களே ஓர் அடையாளமும் போட்டு வைத்துக்கொண்டு, “நீங்கள் சம்மதித்தீர்களே!” என்பது சம்மதம் ஆகாது.

தபால் செலவு யாருடையது?

இவ்வளவு பெரிய தொல்லை சாதாரணத் தபாலில் ஏன் வரவில்லை? இதற்கு விடை தபாலின் சரித்திரத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1840-ம் வருஷத்துக்கு முன் கடிதத்துக்குக் கூலியைப் பெரும்பாலும் பெறுகிறவரே கொடுத்து வந்தார். ரோலண்ட் ஹில் என்பவருடைய முயற்சியால் அந்த வருஷத்தில் ஒரு பென்னி முத்திரை வந்தது. அனுப்புகிறவர் முன்பணம் கட்டவேண்டும் என்று ஏற்பட்டது. நம் நாட்டிலும் 1854-ல் அரையணா முத்திரை வந்தது. முத்திரை ஒட்டவேண்டும் என்றால் யாரும் பத்து லக்ஷம் பேருக்கு எழுதத் துணியமாட்டார்கள்.

மின்னஞ்சல் நம்மை 1840-க்கு முந்திய நிலைமைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டது. அனுப்புகிறவனுக்குச் செலவு இல்லை என்றே சொல்லலாம். சேமித்து வைக்க இடம், வடிகட்ட யந்திரம், அதற்கு மின்சாரம், படித்து அழிக்க நேரம் என்று அத்தனையும் பெறுகிறவர் தலையில் விடிகிறது. ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்ற பழமொழி இதற்கென்றே ஏற்பட்டது போலும்! பல் வைத்தியர்களின் தந்தியை ஞாபகத்தில் வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான்.

2008-ல் கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் இந்த வியாபாரத்தின் கணக்கை உள்ளே புகுந்தே பார்த்துவிட்டார்கள். ஸ்பாம் அனுப்பும் கூட்டம் ஒன்றின் போக்கைப் பின்பற்றி, மருந்துக் கடை விளம்பரம் ஒன்றை ஆராய்ந்தார்கள். 26 நாளில் ஏறக்குறைய 35 கோடி கடிதங்கள் கிளம்பின. வாங்க முன்வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 28 பேர்! ஒன்றேகால் கோடிக் கடிதத்துக்கு ஓர் ஆள். அவர்கள் ஆளுக்குச் சுமார் 100 டாலர் செலவிடத் தயாராக இருந்தார்கள். அத்தனை கோடிப் பேருடைய நேரம் வீணானதைப் பற்றி அனுப்பியவனுக்கு என்ன கவலை?

அந்தக் கடிதங்களை அனுப்பியவையும் அவனுடைய கம்ப்யூட்டர்கள் அல்ல. விஷ நிரல் புகுந்து வசப்படுத்திய, சாதாரணக் குடும்பங்களின் கம்ப்யூட்டர்கள். சொந்தக்காரர்கள் தூங்கிக்கொண்டிருக்க, அவர்கள் வீட்டு யந்திரமே ஊருக்கெல்லாம் குப்பை கொட்டிக்கொண்டிருந்தது.

பாதிரியார் கொடுத்த சல்லடை

நிவாரணம் தேடியவர்கள் பலர். 1997-ல் ஆடம் பாக் என்பவர், ஒவ்வொரு கடிதத்துக்கும் அனுப்பும் கம்ப்யூட்டர் ஒரு சிறு கணக்கைப் போட்டுத் தீர்க்கவேண்டும் என்று யோசனை கூறினார். ஒரு கடிதத்துக்கு அது பாரம் இல்லை. கோடிக் கடிதத்துக்கு மலைப் பாரம். முத்திரைக்குப் பதில் உழைப்பு! மின்னஞ்சலில் அந்த யோசனை வேரூன்றவில்லை. ஆனால் 2008-ல் ‘பிட்காயின்’ என்னும் எண்முறை நாணயத்தை வகுத்தவர் அதே தந்திரத்தை எடுத்துக்கொண்டார்.

அதிகமாகப் பயன்பட்டது வேறொரு சல்லடை. தாமஸ் பேயஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1761-ல் காலமானார். நிகழக்கூடியவற்றைக் கணித்து எடை போடுவது பற்றி அவர் எழுதிய கட்டுரை, இரண்டு வருஷம் கழித்து நண்பரால் வெளியிடப்பட்டது. அந்தக் கணிதத்தைக் கொண்டு ஸ்பாமை வடிகட்டலாம் என்று 1998-ல் ஆராய்ச்சியாளர் சிலர் காட்டினார்கள். 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் எழுதிய கட்டுரை அதை எங்கும் பரப்பியது. நல்ல கடிதங்களில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது, ஸ்பாமில் எத்தனை முறை வருகிறது என்று யந்திரம் எண்ணி வைத்துக்கொள்ளும். புதுக் கடிதம் வந்தால், அதிலுள்ள சொற்களின் சாக்ஷியத்தைக் கூட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். அனுப்புகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. எழுத்தைப் பிசகாக எழுதினார்கள். சொற்களைப் படமாக்கி அனுப்பினார்கள். சம்பந்தமில்லாத நல்ல வாக்கியங்களை நடுவே தூவினார்கள்.

சட்டமும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல், முன் சம்மதம் பெறாமல் விளம்பரக் கடிதம் அனுப்பலாகாது என்று விதித்தது. அமெரிக்கா 2003 டிஸம்பரில் ‘கேன்-ஸ்பாம்’ சட்டம் செய்தது. அதன்படி முன் சம்மதம் வேண்டாம். பொய்த் தலைப்பு இடக்கூடாது, வேண்டாம் என்றால் நிறுத்தவேண்டும். ‘கேன்’ என்றால் டப்பா என்றும் பொருள், ‘செய்யலாம்’ என்றும் பொருள். ஆகவே, இது ஸ்பாமை டப்பாவில் அடைக்கும் சட்டமா, ஸ்பாம் செய்யலாம் என்று அநுமதிக்கும் சட்டமா என்று ஜனங்கள் பரிகசித்தார்கள். நம் நாட்டில் தொலைபேசி விளம்பரங்களை வேண்டாம் என்று பதிவு செய்துகொள்ள 1909 என்ற எண் இருக்கிறது.

இன்னும் இரண்டு வருஷத்தில் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று 2004 ஜனவரியில் பில் கேட்ஸ் சொன்னார். தீரவில்லை. 2008 நவம்பர் 11-ந் தேதி, கலிபோர்னியாவில் ‘மெக்கோலோ’ என்ற ஒரே நிறுவனத்தின் தொடர்பைத் துண்டித்தபோது உலகத்து ஸ்பாமில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு திடீரென்று மறைந்தது. சில மாதங்களில் பழையபடி வளர்ந்துவிட்டது. 2024 பிப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கின்றன. ஜிமெயில்காரர்களுக்கு ஒரு நாளில் 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புகிறவர்கள் தாங்கள் இன்னார் என்று நிரூபிக்கவேண்டும். விளம்பரக் கடிதத்திலிருந்து ஒரே அழுத்தில் விலகிக்கொள்ள வழி வைக்கவேண்டும்.

நம் வீட்டுக் கடமை

வடிகட்டிக்கும் தவறு நேரும். குப்பை உள்ளே வந்தால் ஒரு நிமிஷ எரிச்சல்; அழித்துவிடலாம். நல்ல கடிதம் குப்பையோடு போனாலோ நஷ்டம் பெரிது. வேலைக்கு மனுப் போட்ட பிள்ளைக்கு வந்த அழைப்பும், கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியும், வைத்தியரின் பதிலும் ஸ்பாம் பெட்டிக்குள் கிடந்து நாள் கடந்து போகக்கூடும். ஆகையால் வாரத்துக்கு ஒரு முறையாவது அந்தப் பெட்டியையும் எட்டிப் பார்ப்பது நல்லது.

யந்திரம் நம்மிடமிருந்துதான் பாடம் கற்கிறது என்பதையும் மறக்கலாகாது. நாமே கேட்டு வாங்கிய பத்திரிகைக் கடிதம் அலுத்துவிட்டால், அதை ‘ஸ்பாம்’ என்று அடையாளம் இடுவது நியாயமல்ல. விலகிக்கொள்ளும் வழியில் விலகிக்கொள்ளவேண்டும். பொய்ப் புகார் பெருகினால், அதே கடிதத்தை ஆவலோடு எதிர்பார்க்கும் வேறொரு குடும்பத்துக்கு அது போய்ச் சேராது. நிஜமான ஸ்பாமுக்கோ பதிலே எழுதக்கூடாது. “இனிமேல் அனுப்பாதே” என்று கோபித்து எழுதினாலும், இந்த விலாசத்தில் ஆள் இருக்கிறார் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததாகவே முடியும். அதில் உள்ள இணைப்பைத் தொடவும் வேண்டாம். பிறருடைய விலாசங்களை வரிசையாக எல்லாரும் பார்க்கும்படி போட்டுக் கடிதம் அனுப்புவதையும் தவிர்க்கவேண்டும். நண்பருடைய வீட்டுச் சாவியைத் தெருவில் போடுவதற்கு அது சமானம்.

ஹார்மெல் கம்பெனியார் தங்கள் பண்டத்தின் பெயர் இப்படி ஆகிவிட்டதே என்று முதலில் வருத்தப்பட்டார்கள். நாளடைவில், எங்கள் மாமிசத்தைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள், அந்தக் குப்பையைச் சிறிய எழுத்தில் எழுதுங்கள் என்று சமாதானம் செய்துகொண்டார்கள். ஆஸ்டின் நகரில் அந்தப் பண்டத்துக்கு ஒரு காட்சிசாலையும் வைத்திருக்கிறார்கள். டப்பா மாமிசத்தின் மீது நமக்கு ஒரு வழக்கும் இல்லை. வேண்டுமென்று கேட்டவருக்குத்தான் அதைக் கடையில் கொடுக்கிறார்கள்.

கடிதம் என்பது இரண்டு பேர் பேசிக்கொள்வது. நடுவே வந்து கூவுகிறவன் நல்லவனா, கெட்டவனா என்பது அடுத்த விசாரணை. அவனை யாராவது அழைத்தார்களா என்பதே முதல் விசாரணை.